வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள குழந்தைக்காக நீதிமன்றத்தில்: கேள்வி பதில்

அமெரிக்காவில், கொடுமை அல்லது புறக்கணிப்பு காரணமாக வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் நலனை நீதிபதியிடம் எடுத்துரைக்க நியமிக்கப்படும் தன்னார்வலர்கள் ‘காசா’ (CASA, அதாவது நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பரிந்துரையாளர்) என அழைக்கப்படுகின்றனர். பல ஆண்டுகளாக இப்பணியிலிருக்கும் உறுப்பினர் ஒருவரின் விடைகள் இவை.

கேள்வி: சட்டம் படிக்காத நான் இதில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். 1977-இல் சியாட்டிலில் நீதிபதி டேவிட் சூக்கப், குழந்தையைப் பற்றிப் போதிய விவரம் இல்லாமலேயே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நேர்வதை எண்ணி வருந்தியே, பொதுமக்களைப் பயிற்றுவித்து அமர்த்தும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார். பின்புலச் சோதனையும் சுமார் 30 மணி நேரப் பயிற்சியும் உண்டு.

கேள்வி: சமூகப் பணியாளர் இருக்கும்போது நாம் எதற்கு?

பதில்: அவர் கையில் பல குடும்பங்களின் வழக்குகள் இருக்கும், பாதியில் அவர் மாறிப்போவதும் உண்டு. உங்களிடமோ ஒரு குழந்தை, அல்லது உடன்பிறந்தோர் சிலர் மட்டுமே. வீடு மாறும்போது பள்ளியும் மாறி, பழைய பள்ளியின் பதிவுகள் வந்து சேராமல், படித்த பாடத்தையே குழந்தை மீண்டும் படிப்பது போன்றவை ஒரே குழந்தையைத் தொடர்ந்து கவனிப்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

கேள்வி: நீதிபதிக்கு அளிக்கும் அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

பதில்: புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். “தாய் அக்கறையற்றவர்” என்பது உங்கள் தீர்ப்பு; “திட்டமிட்ட நான்கு சந்திப்புகளில் இரண்டுக்கு வந்தார், மற்ற இரு நாள்களிலும் பேருந்து வசதி இல்லை என்றார்” என்பது நீதிபதிக்குப் பயன்படும் செய்தி. நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். குழந்தையின் விருப்பம் உங்கள் பரிந்துரைக்கு மாறாக இருந்தாலும், அதை அதன் சொற்களிலேயே தவறாமல் பதியுங்கள். (என் முதல் அறிக்கையில் பெயரடைகளை அடித்த பிறகு பாதிப் பக்கம்தான் மிஞ்சியது.)

கேள்வி: குழந்தையை என் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: பெற்றோரிடம் திரும்ப அனுப்புவதை எதிர்ப்பதுதானே நம் வேலை?

பதில்: இல்லை. பாதுகாப்பாகத் திரும்ப இயலுமானால், பெரும்பாலான வழக்குகளில் அதுவே முதல் இலக்கு. ஆனால் 1997-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி மாநிலம் மனு செய்ய வேண்டும். ஆகவே, நீதிமன்றம் ஆணையிட்ட சிகிச்சையும் ஆலோசனையும் பெற்றோருக்கு உண்மையில் கிடைத்தனவா, காத்திருப்புப் பட்டியலிலேயே மாதங்கள் கழிந்தனவா என்பதைத் தேதியுடன் குறித்து வையுங்கள்.