முதல் டிராக் நாளுக்கு 38,000 ரூபாய் பிரேக் தேவையா?

கேள்வி: என்னிடம் ஆறு வருஷம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அடுத்த மாதம் நண்பர்களோடு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் முதல்முறையாக ஓட்டப் போகிறேன். துளை போட்ட டிஸ்க், ரேஸ் பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ் எல்லாம் மாற்றினால்தான் தாங்கும் என்று ஒரு கடையில் 38,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது பிரேக் ஆயில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார்களில் வழக்கமாக ஊற்றும் டாட் 4 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. செக்காலை ரோட்டில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. தடத்தில் 120 கி.மீ. வேகத்தை 60-க்குக் கொண்டுவந்தாலே வண்டியின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும். அதுவும் சுற்றுக்குச் சுற்று.

சீல் உடைக்காத டாட் 4 டப்பா வாங்கி, பழையதை முழுக்க வடித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் திறந்து கிடக்கும் பாதி டப்பா வேண்டாம். எண் பெரிதாக இருக்கிறதே, இன்னும் உசத்தி என்று நினைத்து டாட் 5-ஐக் கலந்துவிடாதீர்கள்; அது சிலிகான், வேறு வகை.

அடுத்தது பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை. முழு ரேஸ் பேட் பணியாரச் சட்டி மாதிரி, நன்றாகக் காய்ந்தால்தான் வேலை செய்யும். நீங்களோ அதே வண்டியில் ஏறத்தாழ 400 கி.மீ. ஓட்டி ஊர் திரும்ப வேண்டியவர். குறுக்கே மாடு வந்தால், ஆறிக் கிடக்கும் ரேஸ் பேட் சட்டென்று பிடிக்காது. இப்போதைய பேட் பாதிக்கு மேல் இருந்தால் அதுவே போதும். தேய்ந்திருந்தால் நல்ல சாலைப் பேட் பில்லோடு வாங்கி, திருமயம் ரோடு காலியாக இருக்கும் விடியற்காலையில் பழக்குங்கள்: 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை பிரேக் பிடித்து, வண்டியை நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை.

துளை டிஸ்க் பார்க்க அழகுதான். ஆனால் கடும் சூட்டில் அந்தத் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்தால் பழைய டிஸ்க்கே போதும். ரப்பர் ஹோஸில் வெடிப்போ கசிவோ இல்லையென்றால் அதையும் தொட வேண்டாம்.

தடத்தில் மூன்று நான்கு சுற்று போதும். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

அப்புறம், கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாது. பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியை, டிராக் நாளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.