செயின் சோவுக்கு எந்தச் செயின்? எப்படித் தீட்டுவது?

கேள்வி: காற்றுக்கு விழுந்த தென்னையையும் பலாவையும் துண்டு போட மாமாவின் பழைய செயின் சோவை எடுத்திருக்கிறேன். செயின் மொட்டை. கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் "எத்தனை அங்குலம்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அது போதுமா? வீட்டிலேயே தீட்டலாமா? பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டையும் அராவினால் வேகமாக வெட்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.
– வாசகர், வத்தளை

பதில்: அங்குலம் மட்டும் போதாது. 18 அங்குல பாருக்கே (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) 62 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) உள்ள செயினும் உண்டு, 72 உள்ளதும் உண்டு. பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கேஜ் (டிரைவ் லிங்கின் தடிப்பு), டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் பாரில், மெஷினோடு சேரும் முனைப் பக்கம் பெரும்பாலும் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் பழைய செயினையே கையில் கொண்டுபோங்கள். தென்னையின் வெளிநார் கடினம், விழுந்த மரத்தில் மண்ணும் ஒட்டியிருக்கும், அதனால் பல்லின் மூலை உருண்ட செமி சிசல் செயினையே கேளுங்கள். கூர்மூலை உள்ளது சுத்தமான மரத்தில் வேகம்தான், ஆனால் மண் பட்டதும் மழுங்கிவிடும்.

தாராளமாக வீட்டில் தீட்டலாம். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கப்பைக் கழற்றி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பாரை வைஸில் இறுக்குங்கள். 0.325 அங்குல பிட்சுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், வீட்டு மெஷின்களில் வரும் சின்ன வகை 3/8 அங்குல பிட்சுக்கு 4 மி.மீ. பொதுவாக 30 பாகை சரிவு, உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பல்லின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள்: மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கினால் அந்தப் பல் இன்னும் மொட்டைதான். எல்லாப் பல்லும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும்.

அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து கண்மதிப்பில் செய்ய வேண்டாம். ஒரு பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது, பல செயின்களில் அது பல்லைவிட 0.65 மி.மீ. அளவு மட்டுமே தாழ்ந்திருக்கும். அதிகம் அராவிவிட்டால் பல் மரத்தில் சிக்கும், பாரின் நுனி மேற்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், நாம் யோசிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். மூன்று நான்கு தடவை தீட்டிய பிறகு, டெப்த் கேஜ் தகட்டை (மேட்டின் உயரத்தைச் சரிபார்க்கும் அளவுத் தகடு) வைத்து, அதற்கு மேலே துருத்துவதை மட்டும் தட்டை அரத்தால் எடுங்கள்.

அப்புறம், வெட்டும்போது சீவலாக வராமல் மாவுத்தூளாக வந்தால் உடனே நிறுத்தித் தீட்டுங்கள். மொட்டைச் செயினை உடம்பின் பலத்தால் அழுத்தும்போதுதான் கை வழுக்குகிறது. பல்லில் உள்ள தேய்மானக் கோடு வரை அராவி முடிந்தால் செயினை மாற்றுங்கள். செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.