ரேடியோ தொலைநோக்கி ரிசீவர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், முதல் ஆம்ப்ளிஃபையரை எதற்கு 20 கெல்வின் (சுமார் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்விக்கிறார்கள்? கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டினால் போதாதா?

பதில்: கெயினைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே பெருகும். வானத்திலிருந்து வரும் சிக்னல் அத்தனை சன்னமானது. முதல் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் முழுசாகக் கணக்கில் ஏறும். இரண்டாவதின் இரைச்சலோ முதலாவதின் கெயினால் வகுபட்டுவிடும். கெயின் 30 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் முன்வரிசைக்கு மட்டும் இந்த ராஜ உபசாரம். இரைச்சலையும் வெப்பநிலை போலக் கெல்வினில்தான் சொல்வோம். சிஸ்டத்தின் மொத்த இரைச்சல் 50 கெல்வினிலிருந்து 25க்கு இறங்கினால், அதே துல்லியத்துக்குக் கால்வாசி நேரம் பார்த்தால் போதும்.

கேள்வி: மொபைல் சிக்னல் தொல்லை. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஃபில்டர் போடலாமா?

பதில்: இழப்பைப் பார்த்துப் போடுங்கள். அறை வெப்பநிலையில் 0.1 டெசிபெல் இழப்பே ஏறக்குறைய 7 கெல்வினைச் சேர்த்துவிடும். அதே ஃபில்டர் குளிர்பெட்டிக்குள் 20 கெல்வினில் இருந்தால் அரை கெல்வினோடு போகும். ஆம்ப்ளிஃபையர் திணறாத வரை ஃபில்டரைப் பின்னால் வைப்பதுதான் என் கட்சி.

கேள்வி: குளிர்பெட்டிக்குள் போகும் வேவ்கைடை (சிக்னலைக் கொண்டுபோகும் உலோகக் குழாயை) செம்பிலேயே செய்யலாமா?

பதில்: வேண்டாம், வெளிச்சூடு நேரே உள்ளே வந்துவிடும். சுவர் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வழக்கம். அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. என்ன செய்ய, மின்சாரத்தையும்தான். அதனால் உள்பக்கம் செம்பு முலாமோ தங்க முலாமோ பூசுவார்கள். 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி செம்பின் மேற்பரப்பில் 0.7 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுகிறது. மூன்று நான்கு மைக்ரான் முலாம் தாராளம். உள்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கக் கூடாது.

கேள்வி: மேசையில் ஒழுங்காக இருந்த ஆம்ப்ளிஃபையர் குளிர்ந்ததும் ஆஸிலேட் ஆகிறதே, தானாகவே சிக்னல் உண்டாக்குகிறதே?

பதில்: ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ஹெம்ட் (இரைச்சல் குறைந்த வகை) டிரான்சிஸ்டர் குளிர்ந்தால் கெயின் ஏறும். பேண்டுக்கு (வேலை செய்ய வேண்டிய அதிர்வெண் வரம்புக்கு) வெளியே, முக்கியமாகக் கீழ் அதிர்வெண்களில், ஸ்டெபிலிட்டி பார்த்தீர்களா? அறை வெப்பநிலையில் வைத்த பயாஸை (டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜ், மின்னோட்ட அளவுகளை) அப்படியே விடாதீர்கள். டிரான்சிஸ்டரின் டிரெய்ன் முனைக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். ஒட்டிய இடங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள். 20 கெல்வினுக்குப் போவதற்குள் 10 செ.மீ. அலுமினியப் பெட்டி 0.4 மி.மீ. சுருங்கும், அதில் ஒட்டிய அலுமினா (பீங்கான் வகை) தகடு அவ்வளவு சுருங்காது.

கேள்வி: ரிசீவரின் இரைச்சல் வெப்பநிலையை எப்படி அளப்பது?

பதில்: ஹார்ன் (சிக்னலை உள்ளே வாங்கும் கூம்பு) வாயில் முதலில் அறை வெப்பநிலையில் உள்ள அப்சார்பர், அதாவது ரேடியோ அலையை விழுங்கும் பொருள் (295 கெல்வின்), அடுத்து திரவ நைட்ரஜனில் நனைத்தது (77 கெல்வின்). பவர் 3க்கு 1 என்று வந்தால் ரிசீவர் 32 கெல்வின். நனைத்ததை எடுத்த கையோடு காட்டுங்கள். அது சூடேறிவிட்டால் நல்ல ரிசீவரும் மட்டமாகத் தெரியும்.

கேள்வி: குளிர்விக்காத ரிசீவரே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? 150 மெகாஹெர்ட்ஸில் பால்வெளி மண்டலமே சில நூறு கெல்வின் இரைச்சல் தருகிறது. அங்கே ஆம்ப்ளிஃபையரில் பத்து கெல்வின் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்கள் குளிர்விப்பே இல்லாமல்தான் ஓடுகின்றன.