மருந்து வச்ச பத்தே நாள்ல எலி திரும்ப வருதே, ஏன்?

கேள்வி: ஐயா வணக்கம். மன்னார்குடிக்கு தெக்க அஞ்சு ஏக்கர், எல்லாம் சி.ஆர். 1009 நெல்லு. இப்போ தொண்டைக்கதிர், கதிர் வெளிய வராம உள்ள திரண்டு நிக்குற நேரம். எலி வெட்டு தாங்கல. கடைக்காரர் சொன்னபடி சிங்க் பாஸ்பைடு பொரியில கலந்து வச்சேன், மறுநாள் காலையில அங்கங்க செத்து கிடந்துச்சு, சந்தோஷப்பட்டேன். பத்து நாள்ல பழையபடி வெட்டு. திரும்ப வச்சா மோந்து கூட பாக்க மாட்டேங்குது. கடையில டோஸ் கூட்டுங்க, குருணை மருந்து சேத்து வைங்கன்னு சொல்றாங்க. பக்கத்து வயல்காரர் கம்பி கட்டி கரண்ட் விட்டுரலாம்ங்குறார். எந்த மருந்து, எவ்வளவு டோஸ்னு சொல்லுங்க. வயித்தெரிச்சலா இருக்கு.

பதில்: தம்பி, முதல்ல அந்த கம்பிய மறந்துடுங்க. ராத்திரி தண்ணி பாக்கப் போனவர், மேய வந்த மாடு, சில இடத்துல கம்பி கட்டினவரேன்னு டெல்டாவுல அதுல போன உயிரு கொஞ்சமில்ல. கேஸும் ஆகும். பக்கத்து வயல்காரர் கட்டினாலும் விடாதீங்க.

டோஸ் விஷயம். சிங்க் பாஸ்பைடு 49 பங்கு இரைக்கு 1 பங்கு, அவ்ளோதான், கூட்டினா எலி இன்னும் கம்மியாதான் தின்னும். மருந்து கலக்காத வெறும் பொரிய ரெண்டு மூணு நாள் வச்சு பழக்கிட்டு அப்புறம் மருந்து வச்சீங்களான்னு நீங்க எழுதல, வச்சிருக்க மாட்டீங்க, கடையில அத சொல்றதில்ல. பழக்காம வச்சா தைரியமான எலி தின்னு சாகும், சந்தேகப்படுற எலி கொஞ்சமா கடிச்சு பாக்கும், வயித்த வலிச்சு பொழச்சுக்கும், அப்புறம் அந்த வாடை பக்கமே வராது. உங்க வயல்ல இப்ப மிச்சம் இருக்குறது பூரா அப்படி படிச்சு தேறின எலி. அதனால இந்த போகத்துல அதே மருந்து திரும்ப வேணாம்.

குருணை சேக்கச் சொன்னவர்கிட்ட என்ன குருணைன்னு கேளுங்க. திமெட்ங்குற பூச்சி மருந்துன்னா அது 2020 கடைசியோட நாட்டுலயே தடை. ஃப்யூரடான்னா அதுவும் பூச்சி மருந்துதான், எலிக்கான மருந்தே கிடையாது, மடையானும் கொக்கும் நாயும்தான் சாகும். தடை பண்ண சரக்க கல்லாவுக்கு அடியில வச்சிருந்து எடுத்துக் குடுக்குற கடைக்காரர் உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சுக்காதீங்க, அவருக்கு பழைய ஸ்டாக் காலியாகணும்.

இப்போதைக்கு செய்ய முடிஞ்சது ப்ரோமடியோலோன், மெதுவா கொல்ற எலி மருந்து. சாயங்காலம் வரப்புல இருக்குற எல்லா வளையையும் சேத்தால மூடுங்க, காலையில எது திறந்திருக்கோ அதுலதான் ஆள் இருக்கு, அதுக்குள்ள மட்டும் 10 கிராம் பொட்டலமா தள்ளுங்க, வரப்பு மேல தூவாதீங்க. உடனே சாகாது, நாலஞ்சு நாளுக்கு மேல ஆகும், அதனாலதான் மத்த எலிக்கு இதுதான் காரணம்னு தெரியாது. வாரம் கழிச்சு திரும்ப மூடிப் பாத்து இன்னொரு ரவுண்டு. கையுறை போட்டுக்குங்க, செத்தத பொறுக்கி புதைச்சிடுங்க. ஆனா பெருசா நம்பிடாதீங்க, தொண்டைக்கதிர் நேரத்துல வயலே விருந்தா இருக்கு, உங்க பொட்டலத்த எதுக்கு திங்கப் போவுது?

கேட்டதுக்கு பதில் இவ்ளோதான். நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. பத்து நாள்ல எப்படி திரும்ப வந்துச்சு?

குட்டி போட்டு வரல. எலிக்கு சினைக்காலமே மூணு வாரத்துக்கு மேல. பத்து நாள்ல வந்தது பக்கத்து வயல்லேர்ந்தும் வாய்க்கா கரையிலேர்ந்தும் குடி வந்தது. நீங்க கொன்னு காலி பண்ண வளை இருக்கு, சோறு இருக்கு, சண்டை போட பழைய ஆளு இல்ல, வராம என்ன பண்ணும். குட்டி போட்டு வர்றது இதுக்கப்புறம்தான், அது இன்னும் மோசம்.

நம்ம வரப்புல மண்ண மேடா தள்ளி வளை நோண்டுற கரம்பை எலிய எடுத்துக்குங்க. ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டி. குட்டி போட்ட சூட்டோட திரும்ப சினை பிடிச்சுக்கும். பொட்டைக்குட்டி மூணு மாசத்துல தாயாகும். சம்பா 155 நாள் பயிரு, தூர் கட்டுற நேரத்துல சினையா ஒரே ஒரு எலி உள்ள வந்தா கூட அறுப்புக்குள்ள அது மட்டுமே மூணு நாலு ஈத்து போட்டுரும், பாதி செத்தாலும் கணக்கு என்ன ஆகுது பாருங்க, மீட்டர் வட்டி மாதிரி ஏறும். மெக்ஆர்தர், வில்சன்னு ரெண்டு பேர் 1967ல ஒரு புத்தகத்துல உயிரினங்க பெத்துக்குற விதத்துக்கு ரெண்டு முனை வச்சாங்க. நிறைய பெத்து, சீக்கிரம் பெத்து, சீக்கிரம் சாகுறது ஒரு முனை, எலி, புகையான் பூச்சி, வயல் களை எல்லாம் அந்தப் பக்கம். கம்மியா பெத்து, பாத்து வளக்குறது இன்னொரு முனை, யானை அந்தப் பக்கம். எல்லா உயிரும் இந்த ரெண்டுல கச்சிதமா உக்காராதுன்னு பின்னாடி வந்தவங்க குத்தம் சொன்னாங்க, அது அவங்க பாடு, நமக்கு வேண்டியது ஒண்ணுதான்: சாவு அதிகமா இருக்கும்ங்குற கணக்குலயே பொழைக்கிற ஜென்மத்த கொன்னு மட்டும் தீக்க முடியாது.

எந்த இடத்துக்கும் இத்தனை எலிதான் தாங்கும்னு ஒரு அளவு உண்டு. அந்த அளவு நெருங்கிட்டா பெருக்கம் தன்னால மந்தமாகும், சண்டை, பசி, குட்டி தங்காது. அதுல பாதியா எண்ணிக்கை இருக்கும்போதுதான் ரொம்ப வேகமா ஏறும். இந்த வளைகோட்ட 1838லயே வெர்ஹுல்ஸ்ட் எழுதி வச்சிட்டார். அப்ப நீங்க மருந்து வச்சு பாதிய கொன்னீங்கன்னா என்ன ஆச்சு? மிச்சத்துக்கு நெருக்கடிய தீத்து வச்சு, வேகமா ஏறுற இடத்துல கொண்டு போய் நிறுத்திட்டீங்க. அமெரிக்காவுல பால்டிமோர் ஊர்ல 1940கள்ல டேவிட் டேவிஸும் கூட இருந்தவங்களும் இதையே தெருத்தெருவா பாத்தாங்க, எலிய பிடிச்சு குறைச்ச இடத்துல கொஞ்ச மாசத்துல பழைய எண்ணிக்கைக்கே வந்து நின்னுச்சு, குப்பையும் பொந்தும் குறைஞ்ச இடத்துல எலியும் குறைஞ்சு அப்படியே இருந்துச்சு. கொல்றத விட அந்த இடம் தாங்குற அளவ இறக்குறதுதான் வேலை.

அத எங்க இறக்குறது? வரப்புல. நான் எங்க போனாலும் இதத்தான் சொல்றேன், கேக்குறவங்களுக்கு சலிச்சுப் போயிருக்கும், இருந்தாலும் சொல்லுவேன். உங்க வரப்பு எவ்ளோ அகலம்னு அளந்து அனுப்புங்க. பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு அடிக்குள்ள, அதாவது 30 சென்டிமீட்டருக்குள்ள வைக்கச் சொல்லுது, ஏன்னா அதுல குட்டியோட குடும்பம் நடத்துற அளவுக்கு வளை நோண்ட மண்ணு பத்தாது. இங்க நான் பாக்குற வரப்புல ஸ்கூட்டி ஓட்டலாம். முன்னாடி நடவுக்கு முன்ன அண்டை கழிச்சு, அதாவது வரப்போட பக்கத்த சீவி, சேத்த அப்பி அண்டை வைக்காம யாரும் நாத்து விட மாட்டாங்க. மம்புட்டியால ரெண்டு பக்கமும் சீவும்போதே வளை வாய் தெரியும், உள்ள இருக்குறது வெளிய ஓடும், புல்லும் போயிரும். இப்ப ஆள் கிடைக்கலன்னு டிராக்டர் சேறு அடிச்சதோட சரி, வரப்ப யாரும் தொடுறதில்ல, வருஷா வருஷம் புல்லு மண்டி வரப்பு பெருத்துக்கிட்டே போவுது. மருந்து வாங்க காசு இருக்கு, அண்டை கழிக்க காசு இல்லயா? உங்க கிராமத்துல எலி மருந்துக்கு ஒரு போகத்துல எல்லாரும் குடுத்த பணத்த கூட்டிப் பாருங்க, எத்தனை ஆளு கூலி வருதுன்னு.

அகலமாத்தான் வேணும், வைக்கோல் வண்டி போகணும்னா அந்த ஒரு வரப்ப மட்டும் விடுங்க, புல்ல சுத்தமா வச்சுக்குங்க. வயல் ஓரம் வைக்கோல் போரும் வேணாம்.

அடுத்தது எல்லாரும் ஒண்ணா நடுறது. எலிக்கு இனப்பெருக்கத்த கிளப்பி விடுறதே பொதி வர்ற பயிருதான். ஒரு வயல்வெளியில எல்லாரும் ரெண்டு வாரத்துக்குள்ள நட்டுட்டா அந்த விருந்து ஒரே தடவை வந்து ஒரே தடவை முடியும். நம்ம ஊர்ல என்ன நடக்குது? ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு தண்ணி எப்ப வருமோ அப்பதான் நடவு, போர்வெல் இருக்குறவர் குறுவை, அவருக்கு பக்கத்துல சம்பா, அதுலயும் நீங்க சி.ஆர். 1009, அடுத்தவர் பிபிடி ரகம், அதுக்கு அங்கிட்டு தாளடி. எலிக்கு பந்தி மாத்தி பந்தி போட்டுக்கிட்டே இருக்கோம். தண்ணி நம்ம கையில இல்ல, சரி, ஒரே வாய்க்கால்ல பாயுற பத்து பேர் ரகத்தயும் நாத்து விடுற தேதியயும் பேசி வச்சுக்கலாம்ல?

ஆந்தைக்கு குச்சி நடுங்க, தென்னை மட்டைய தலைகீழா நட்டாலும் போதும், கூகை வந்து உக்காரும். பால் பிடிக்கும்போது எடுத்துடுங்க, இல்லாட்டி பகல்ல கதிர் கொத்துற குருவி அதுல உக்காரும். சாரைப்பாம்ப அடிக்காதீங்க, அது வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ பத்து பன்னெண்டு முட்டை வைக்கிறது, ஒண்ண அடிச்சா அந்த இடம் நிரம்ப வருஷமாகும். ஆனா எலி ஏறின பிறகு ஆந்தையும் பாம்பும் வந்து காப்பாத்தும்னு காத்திருக்காதீங்க, எலி ஏறுற வேகத்துக்கு அதுக பெருகாது. எலி கம்மியா இருக்கும்போது கம்மியாவே வச்சிருக்கத்தான் அதுக உதவும்.

அதே நியாயம்தான் கிட்டிங்குற எலிப்பொறிக்கும். தஞ்சாவூர் கிட்டிய மிஞ்சின கருவி இன்னிக்கி வரைக்கும் எந்த கம்பெனியும் செய்யல. வளைச்ச மூங்கில் வில்லு, கொஞ்சம் கயிறு, இரைய இழுத்ததும் எலி கழுத்த நெரிச்சிடும், விஷம் கிடையாது, நாய் சாகாது, இரை வாடை கண்டு மத்தது மிரளாது. ஏக்கருக்கு 40 கிட்டி கணக்கு. சாயங்காலம் வச்சு விடிய எடுக்கணும். கிட்டி வைக்கிறவர நீங்க இப்ப தொண்டைக்கதிர்ல கூப்பிடுவீங்க, எல்லாரும் அப்பதான் கூப்பிடுவாங்க. நட்ட இருபதாம் நாள்லேர்ந்து கூப்பிடணும், அப்ப வயல்ல இருக்குறது அஞ்சாறு தாய் எலி, அதுல ஒண்ணு விழுந்தா அறுப்பு நேரத்துல இருபது விழுந்ததுக்கு சமம். அதே மாதிரி தை அறுப்புக்கு அப்புறம் உளுந்தும் எடுத்து, பங்குனி சித்திரையில வயலு காஞ்சு கிடக்கும்போது ஊரே சேந்து வளை நோண்டுங்க, எலி ரொம்ப கம்மியா இருக்குற நேரம் அது, உள்ள சேத்து வச்ச நெல்லும் கிடைக்கும்.

கிட்டிக்காரர்கிட்ட கூலி பேசும்போது எலிக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க, ஊர்ல அப்படித்தான் வழக்கம், ஆனா அப்படி பேசினா எலி நிறைய இருக்கும்போது வர்றதுதான் அவருக்கு கட்டும், நாலு எலிக்காக நடவு முடிஞ்ச கையோட அவர் ஏன் வரணும், அது அவர் தப்பில்ல. நடவுலேர்ந்து தொண்டைக்கதிர் வரைக்கும் ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி பாதிய முன்பணமா குடுத்துடுங்க, பக்கத்து நாலு பேரையும் சேத்துக்குங்க, எலி விழலன்னாலும் மீதிய குடுத்துடுங்க.