ஆண், பெண் ஹெர்மன் ஆமைகளை ஒரே அடைப்பில் விடலாமா?

ஒரு ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த இந்தத் தரை ஆமை துணை தேடி ஏங்கும் பிராணி அல்ல. காட்டில் பெரும்பாலும் தனியாகத்தான் திரியும்.

ஹெர்மன் இனத்தில் ஆண் உருவில் சிறியது, ஆனால் விடாக்கண்டன். பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டோடு ஓட்டை மோதும், காலைக் கடிக்கும், அப்புறம் மேலே ஏறும். அதன் வால் நுனியில் கொம்பு போலக் கடினமான முள் ஒன்று உண்டு. அது திரும்பத் திரும்பக் குத்திப் பெண்ணின் வாலடியைப் புண்ணாக்கிவிடும். காட்டில் என்றால் பெண் விலகிப் போய்விடும். நாலடிப் பெட்டியில் பாவம், எங்கே போகும்?

ஏற்கெனவே சேர்த்து விட்டிருந்தால், பெண்ணைத் தூக்கிப் பின்னங்கால்களையும் வாலடியையும் தினமும் பாருங்கள். செதில் பெயர்ந்து சிவந்திருந்தாலோ, தீனி எடுக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடந்தாலோ, அன்றைக்கே பிரித்துவிடுங்கள். தடுப்புக்குக் கண்ணாடியோ கம்பிவலையோ வேண்டாம். அந்தப் பக்கம் தெரிந்தால் ஆண் நாள் முழுக்க அதையே முட்டிக்கொண்டிருக்கும். பலகை நல்லது.

சரி, சேர்த்துத்தான் வளர்ப்பேன் என்றால், விசாலமான தோட்டம் வேண்டும். ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கட்டும். கண்ணில் படாமல் ஒதுங்கப் புதரும் பாறையும் நிறைய வையுங்கள். அப்போதும் ஆணுக்குத் தனி அடைப்பு தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று: பெண் விந்தணுவை ஆண்டுக்கணக்கில் உடலில் சேமித்து வைத்திருக்கும். பிரித்த பிறகும் கருவுள்ள முட்டை இடலாம். அதனால் வெயில் படும் இடத்தில், தோண்ட வசதியாக ஒரு மண்மேடு போட்டு வையுங்கள்.