ஒரே ஒரு டெஸ்டர், இருபத்திரண்டு டெவலப்பர்கள்

கேள்வி: பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக டெஸ்டராக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது டெவலப்பர்கள் ஐந்து பேர்; இப்போது இருபத்திரண்டு. டெஸ்டிங்குக்கு இன்னமும் நான் ஒருத்திதான். வாராவாரம் வியாழன் ரிலீஸ். எக்செல்லில் 340 டெஸ்ட் கேஸ் இருக்கிறது, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க நேரமே கிடைப்பதில்லை. போன மாதம் ஒரு பக் கஸ்டமர் வரை போய்விட்டது. "டெஸ்டிங்ல எப்படி விட்டீங்க?" என்று என்னை மட்டும்தான் கேட்டார்கள். மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்துவிடச் சொல்கிறார் மேனேஜர். எனக்குத் தெரிந்தது மேனுவல் டெஸ்டிங் மட்டுமே. முதலில் எதைக் கற்பது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: கற்பது இருக்கட்டும், முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 340 கேஸையும் எப்படியோ தானே ஓடும் ஸ்கிரிப்ட் ஆக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூறு தடவைக்கு ஒரு தடவை மட்டும் பக்கம் திறக்கத் தாமதம், சர்வர் மந்தம் என்று வெட்டியாக ஃபெயில் ஆகிறது. கேட்க நல்ல தரம்தான். ஆனால் 340-ம் சேர்ந்தாற்போல் பாஸ் ஆகிப் பச்சை காட்ட வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். முப்பது முறை ஓட்டினால் ஒரு முறை பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. இரண்டே வாரத்தில் "அது அப்படித்தான் வரும், ரீரன் பண்ணுங்க" என்பார்கள். அப்புறம் புலி வருது கதைதான். உண்மையான பக் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் மேனேஜரிடம் 340-ஐப் பற்றிப் பேசாதீர்கள். பதினைந்தைப் பற்றிப் பேசுங்கள். எந்தப் பதினைந்து? சப்போர்ட் டீமோடு ஒரு டீ குடித்துக்கொண்டே ஆறு மாதப் புகார்களைப் புரட்டுங்கள். எந்தத் திரை, எந்த மாற்றத்துக்குப் பிறகு உடைந்தது என்று குறியுங்கள். நான் பார்த்த வரை, பாதிக்கு மேல் இரண்டு மூன்று இடங்களிலேயே வந்து குவியும். அந்த இடங்களோடு லாகின், பணம் கட்டுவது, இன்வாய்ஸ் இவற்றைச் சேர்த்தால் உங்கள் பதினைந்து வந்துவிடும். கணக்கு விதிகள், வரி, தள்ளுபடி போன்றவற்றைத் திரை வழியாகச் சோதிக்காமல் ஏபிஐ மட்டத்தில், அதாவது சர்வரிடமே நேரடியாகக் கேட்டு, சோதியுங்கள். வேகமாக ஓடும், அடிக்கடி உடையாது. அதற்கும் கீழே, கோடின் சின்னச் சின்னத் துண்டுகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதுவது டெவலப்பர் வேலை. அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இனி கற்பது. உங்கள் டெவலப்பர்கள் எந்த மொழியில் எழுதுகிறார்களோ அதையே கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் உடைந்தால் பக்கத்து சீட்டில் கேட்கலாம். டூல் என்றால் 2004-ல் பிறந்த செலீனியம் பழுத்த அனுபவசாலி. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது, மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட ப்ளேரைட். பட்டன் தயாராகும்வரை அதுவே காத்திருப்பதால் மேலே சொன்ன வெட்டிச் சிவப்பு குறையும். பத்து டூலை ஒரே கோர்ஸில் கற்றுத் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள்.

மேனுவல் 'மட்டும்தான்' தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கிரிப்டுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்குத் தோன்றும். ஒரு ஃபார்மில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று வைத்திருப்பார்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது இனிஷியல்தான். ஒருவர் ஓரெழுத்தைப் போடுவார், 'குறைந்தது இரண்டு எழுத்து' என்று திட்டு வாங்குவார். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட இன்வாய்ஸ், தேதியைச் சரியாக மாற்றாவிட்டால் மார்ச் 31 ஆகி, முந்தைய நிதியாண்டுக்குள் போய் உட்காரும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறிகள்தான். அதிலும் 'கட்டணம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. புள்ளியும் தனியாக எண்ணப்படும். ஒரு செய்தி என்று நினைத்து அனுப்பியது இரண்டாகப் பிரிந்து, பில் இரட்டிப்பாகும். இதையெல்லாம் புதன்கிழமை ராத்திரி கண்டுபிடித்து யாருக்கு லாபம்? கோடு எழுதுவதற்கு முன்னால் நடக்கும் மீட்டிங்கில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கூப்பிடவில்லை என்றால் நீங்களே போங்கள்.

பழி விஷயம். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடை ஏற்ற விட்டுப்போயிருந்தது. அங்கே எந்த டெஸ்டரைக் கேட்பது? அடுத்த முறை ஏதாவது கைமீறினால் நீங்களே மூன்று கேள்வியை எடுத்து வையுங்கள்: இந்த மாற்றத்தை யார் ரிவ்யூ செய்தார்கள், நமக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆனது, பழைய வெர்ஷனுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது. கடைசி இரண்டுக்கும் பதில் 'பத்து நிமிடம்' என்று இருந்தால் அந்த பக்கை யாரும் ஒரு மாதம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வாரமே தொடங்க ஒன்று இருக்கிறது. புதன் மாலை ஒரு மெயில் அனுப்புங்கள். இவற்றைச் சோதித்தேன், இவற்றுக்கு நேரமில்லை, இதில் இன்ன ஆபத்து இருக்கிறது, வெளியிடுவதா என்ற முடிவு உங்களுடையது. நான்கு வரி போதும், குறை சொல்லும் தொனி வேண்டாம். எட்டு பத்து மெயில் போவதற்குள் 'நேரமில்லை' பட்டியலைப் பார்த்து இரண்டாவது டெஸ்டருக்கு ஆள் எடுப்பது பற்றி அவர்களே பேசக்கூடும். பேசவே இல்லையென்றால், அந்தப் பதினைந்து ஸ்கிரிப்டோடு ஓஎம்ஆரில் வேறு கதவைத் தட்டுங்கள்.