விட்டுவிட்டு இணையும் லேப்டாப்பில் மல்டிகாஸ்ட் வழி நேரம் பிசகுகிறது, எங்கே பார்ப்பது?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து நான் புரிந்துகொண்டது: அலுவலக சர்வர் என்டிபி (கணினிக் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் முறை) நேரத்தை மல்டிகாஸ்டில், அதாவது ஒரு குழு முகவரிக்கு அனுப்பி, குழுவில் சேர்ந்த எல்லோரும் கேட்கும்படி அனுப்புகிறது. மேசைக் கணினிகள் ஒழுங்காக இருக்கின்றன. அடிக்கடி மூடித் திறக்கும் உங்கள் லேப்டாப் மட்டும் சில நொடி பின்தங்குகிறது. "லேப்டாப்பில்தான் கோளாறு" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். என்னிடம் அதைத்தான் சொன்னார்கள், அதுவும் இரண்டு மாதம்.

எங்கள் சோர்ஸ் கோடு இருப்பது என்எஃப்எஸ் சர்வரில், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சர்வரில். மாறிய கோப்பை அதன் நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கம்பைல் செய்யும் மேக் (make) நிரலைக் காலையில் ஓட்டினால், கோப்பின் நேரம் 9 நொடி எதிர்காலத்தில் இருக்கிறது, பில்ட் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். ஒருநாள் அதைக் கவனிக்காமல் விட்டேன். திருத்திய கோப்பு கம்பைல் ஆகவே இல்லை. ஏற்கெனவே சரிசெய்த பிழையைத் தேடி அரைநாள் போயிற்று.

மதர்போர்டு பேட்டரி போயிருக்கும் என்று அலுவலகத்தில் என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள். அந்த மூன்று நாளையும் என் விடுப்புக் கணக்கில் கழித்தார்கள். கருவியை எடுத்துக்கொண்டு போனது அவர்கள், விடுப்பு மட்டும் என்னுடையதா? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இதைக் கேட்டு நான் அனுப்பிய மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. லேப்டாப் திரும்பி வந்தது, பிசகும் கூடவே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைஃபையை அணைத்துவிட்டு கேபிளைச் செருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் நிரலில், என்டிபியின் மல்டிகாஸ்ட் குழுவான 224.0.1.1 முகவரிக்கு, யுடிபி போர்ட் 123-க்கு வருவதை மட்டும் பார்த்தேன். (அனுமதி வாங்கித்தான் ஓட்டினேன், அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்.) சர்வர் 64 நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ஒன்று வந்தது, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வரவில்லை. மூடித் திறந்தேன், மறுபடி நான்கு. மூன்றாம் தடவை கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போதும் நாலேகால் நிமிடத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

அந்தக் கணக்குதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. ஸ்னூப்பிங் உள்ள சுவிட்ச், எந்தப் போர்ட்டில் யார் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்தார்கள் என்று ஐஜிஎம்பி (குழுவில் சேர்வதை அறிவிக்கும் நெறிமுறை) பேச்சை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளும், அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். "இன்னும் இருக்கிறீர்களா?" என்று 125 நொடிக்கு ஒருமுறை குவெரியர் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு சுற்றும் மேலே 10 நொடியும் பதில் வராவிட்டால், அதாவது 260 நொடியில், சுவிட்ச் பெயரை அழித்துவிடும். என் லேப்டாப் கேபிள் போகும் எங்கள் புது சுவிட்சில் ஸ்னூப்பிங் இருந்தது, குவெரியரை யாரும் போடவில்லை. கேள்வியே இல்லாதபோது பதில் எங்கிருந்து வரும்? மேசைக் கணினிகள் தொங்கியது பழைய சுவிட்சில். அதற்கு ஸ்னூப்பிங்கே கிடையாது, எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். அதனால்தான் பழி லேப்டாப் மேல் விழுந்தது.

உங்கள் லேப்டாப் குழுவில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் நெட், அதற்குள் ஐஜிஎம்பி என்ற கோப்பு (/proc/net/igmp). முகவரி அதில் பதினறும (ஹெக்ஸ்) எண்ணில் தலைகீழாக இருக்கும். 010000 என்று தொடங்குவது எல்லோருக்கும் பொதுவான 224.0.0.1, உங்களுக்கு வேண்டியது 010100 என்று தொடங்கும் வரி. அது இல்லையென்றால், வைஃபை எழும்முன்பே, என்டிபி நேரத்தை வாங்கும் என்டிபிடி நிரல் எழுந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். இணைப்பு வந்தபின் அதை மறுபடி தொடங்கிப் பாருங்கள்.

என்டிபிடிக்குப் பதிலாக குரோனி (chrony) என்ற நிரலைப் போட்டால் முடிந்தது, இவ்வளவு பேச்சு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நானும் கடைசியில் லேப்டாப்பில் குரோனிதான் போட்டேன். ஆனால் குரோனி மல்டிகாஸ்ட் கிளையண்டாக வேலை செய்யாது. அதைச் சொல்லாமல் போடச் சொன்னால், கேட்டவர் இன்னொரு வாரம் அலைவார். சர்வரின் முகவரியைக் கொடுத்து நேரடியாகக் கேட்க விட வேண்டும். மல்டிகாஸ்டில் லேப்டாப் காதால் கேட்டுக்கொண்டு கிடக்கிறது, இதில் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிறது. வந்து வந்து போகும் கருவிக்கு இதுதான் தோது. வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்ப ஆள் கிடையாது. பக்கத்துக் கருவி பவர் சேவில் தூங்கினாலும் ஆக்சஸ் பாயிண்ட் பாக்கெட்டைப் பிடித்துவைத்துத் தாமதமாகத்தான் விடும். இன்னொன்று, மல்டிகாஸ்டில் நேரம் அனுப்புவது நம் சர்வர்தானா என்று சாவி வைத்துச் சரிபார்ப்பதை அணைத்துவிட்ட லேப்டாப், காபிக் கடை வைஃபையில் யார் நேரம் சொன்னாலும் நம்பிவிடும்.

குரோனியில், கடிகாரம் எப்போது தாவலாம் என்று சொல்லும் மேக்ஸ்டெப் வரியில் 1, -1 என்று (makestep 1 -1) கொடுங்கள்; பிசகு 1 நொடியைத் தாண்டினால் எப்போதும் தாவு என்று பொருள். பலர் எழுதும் 1, 3 என்றால் முதல் மூன்று திருத்தத்துக்குள் மட்டும்தான் கடிகாரம் ஒரேயடியாகத் தாவும். பிறகு மூடித் திறக்கும்போது வரும் பிசகை மெதுவாகத்தான் நகர்த்தும்.

நெட்வொர்க்காரரிடம் "நேரம் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாக்கெட் வந்த நேரங்களை வரிசையாக அனுப்புங்கள். நான் அனுப்பிய அன்று மாலையே குவெரியரைப் போட்டுவிட்டார். மறுநாள் கேபிளைச் செருகி எண்ணினேன். ஐந்தாவது வந்தது, ஆறாவது வந்தது. சாப்பிடப் போய்த் திரும்பி வந்தபோதும் வந்துகொண்டிருந்தது.